கிளேசியர் ஆத்துல பேக்ராஃப்ட்: சிட்டிஸ்டோன், நிசினா பத்தி ஒரு இழை

ஒரு தம்பி கேட்டது: "அண்ணா, அலாஸ்கா நிசினா ஆறு கிளாஸ் 2 தான்னு போட்டிருக்காங்க. நான் ரிஷிகேஷ்ல 3, 4 எல்லாம் போயிருக்கேன். பேக்ராஃப்ட் (மடிச்சு முதுகுல சுமந்துட்டுப் போய் ஊதிக்கற குட்டிப் படகு) வாங்கிட்டு அடுத்த ஜூலைல நேரா அங்க போயிடலாம்ல? மலை ஏறி நடக்கறதுதான் கஷ்டம், தண்ணி ஈஸினு தோணுது."

ஆகஸ்ட் 9, காலை 7:15

நேரா போகாத தம்பி. நடை கஷ்டம்ங்கறது சரி, தண்ணி ஈஸிங்கறத நான் ஒத்துக்க மாட்டேன்.

கிளாஸ்ங்கறது ஆத்தோட கஷ்டத்துக்கு 1லேருந்து 6 வரைக்கும் போடற நம்பர், அது முக்கியமா சொல்றது அலை, பாறை, எவ்வளவு வளைச்சு ஓட்டணும் இதெல்லாம்தான். ரிஷிகேஷ்ல ஒரே ராஃப்ட்ல ஏழெட்டு பேர், பின்னாடி கைடு, கூடவே சேஃப்டி கயாக், கரைக்கு மேல ரோடு, விழுந்தா யாராவது தூக்கிடுவாங்க. நிசினால ஆளுக்கு ஒரு குட்டிப் படகு, அத நீயே முதுகுல சுமந்து கொண்டு வந்திருப்ப, தண்ணி சில மணி நேரம் முன்னாடி வரைக்கும் பனிக்கட்டியா இருந்தது, ரெண்டு கரையிலயும் ஆளே கிடையாது. அமெரிக்கன் ஒயிட்வாட்டர்ங்கற அமைப்போட பாதுகாப்பு விதியிலேயே, தண்ணி 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (10 டிகிரி செல்சியஸ்) கீழ இருந்தா, இல்ல ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுல நீண்ட பயணம்னா, ஒரு கிளாஸ் கூட்டிக்கோன்னு இருக்கு. என்னைக் கேட்டா அந்த ஒண்ணு கூட்டறது இந்த ஆத்துக்கு பத்தாது. வேலைக்கு கிளம்பணும், ராத்திரி விவரமா எழுதறேன்.

ஆகஸ்ட் 9, ராத்திரி 10:40

ரூட் எதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ராங்கல் – செயின்ட் எலியாஸ் நேஷனல் பார்க், அமெரிக்காவுலயே பெரிய நேஷனல் பார்க் அதுதான், 1.32 கோடி ஏக்கர், 1980ல அறிவிச்சது. ஆங்கரேஜ்லேருந்து கார்ல அஞ்சாறு மணி நேரம் ஓட்டி சிட்டினா வரணும், அங்கேருந்து மெக்கார்த்தி ரோடு 60 மைல், பழைய ரயில் பாதை மேலயே போட்ட மண் ரோடு, சில நேரம் அந்தக் காலத்து தண்டவாள ஆணி மேல வந்து டயர கிழிக்கும், வாடகைக் கார் எடுக்கறவங்க இந்த ரோட்டுல ஓட்ட அனுமதி இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கங்க. வழில குஸ்குலானா பாலம், 1910ல கட்டினது, கீழ 238 அடி பள்ளம். ரோடு கென்னிகாட் ஆத்தங்கரையில முடிஞ்சிடும், காரை இந்தப் பக்கம் விட்டுட்டு நடைப்பாலத்துல அந்தப் பக்கம் மெக்கார்த்திக்குப் போகணும்.

மெக்கார்த்திலேருந்து குட்டி விமானம் ஸ்கோலாய் பாஸ்ங்கற மலைக் கணவாய்ல இறக்கி விட்டுட்டுப் போயிடும். அங்கேருந்து சிட்டிஸ்டோன் பாஸ் ஏறி, கோட் டிரெய்ல் (ஆட்டுத் தடம்) வழியா சரிவுல நடந்து, கிளேசியர் கிரீக் பக்கம் கீழ இறங்கணும். டிரெய்ல்னு பேர் இருக்கே தவிர போர்டு, அம்புக்குறி ஒண்ணும் கிடையாது, காட்டு செம்மறி ஆடுங்க போட்ட தடம் சரளைக்கல் சரிவுல குறுக்கால போகும், கால் வெச்சா கல்லு உருளும், கீழ சிட்டிஸ்டோன் கேன்யன், அதாவது செங்குத்தான ஆத்துப் பள்ளம். 1913ல சிசானா பக்கம் தங்கம் கிடைச்சுதுன்னு கேள்விப்பட்டு ஓடினவங்க இதே சரிவுல மூட்டையோட போயிருக்காங்க. கேன்யனும் அருவியும் முடிஞ்சு, பள்ளத்தாக்கு அகலமான அப்புறம்தான் படகு. சிட்டிஸ்டோன் ஆத்துல இறங்கி, அது நிசினாவுல சேர்ந்து, நிசினா பாலத்துல கரையேறி, ரோட்டோட மெக்கார்த்திக்கு நடை.

சொல்லும்போது சுலபமா இருக்கு. அந்த சரிவுல படகு, துடுப்பு, ட்ரைசூட் (தண்ணி உள்ள புகாத முழு உடுப்பு), ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஒரு வாரத்துக்கு மேல சாப்பாடுன்னு சுமக்கும்போது முதுகு பையோட ஒவ்வொரு அசைவும் உன்னைப் பள்ளத்துப் பக்கம் தள்ளும். துடுப்பை நாலு துண்டா பிரிச்சு பைக்கு உள்ளயே வெச்சிடு, வெளில நீட்டிக்கிட்டு இருந்தா பாறையில இடிக்கும்.

ஆகஸ்ட் 10, மதியம் 1:05

இப்ப முக்கியமான விஷயம். இந்த இழைல ஒண்ணே ஒண்ணு படிக்கப் போறீங்கன்னா இதைப் படிங்க.

கிளேசியர் ஆத்துல, அதாவது பனிப்பாறை உருகி வர்ற ஆத்துல, தண்ணி நேரம் பார்த்து ஓடும். காலைல வத்தியிருக்கும். வெயில் ஏற ஏற பனி உருகி, மத்தியானத்துக்கு மேல தண்ணி ஏறும், சாயங்காலம் உச்சிக்கு வரும், ராத்திரி குளிர்ல திரும்ப இறங்கும். மழை பெய்ஞ்சாதான் வெள்ளம்ங்கற பழக்கம் நமக்கு. இங்க மேகமே இல்லாத, நல்ல சூடான நாள்தான் பயப்பட வேண்டிய நாள். கூடவே மழையும் சேர்ந்தா கேட்கவே வேணாம்.

நாங்க மூணு பேர். கரைக்கு வந்து சேர்ந்தப்ப சாயங்காலம் ஆயிடுச்சு. வெயில் இன்னும் நல்லா இருந்தது, அங்க ஜூலைல ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால "இன்னிக்கே கொஞ்ச தூரம் போயிடலாமே"னு கூட வந்த ஒருத்தர் ரொம்ப ஆசைப்பட்டார். சுமந்து சுமந்து தோள் காய்ச்சுப் போனவனுக்கு தண்ணிய பார்த்ததும் வர ஆசை அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணி சிமெண்ட் கலர்ல, நுரையோட, மரக்கட்டை மிதந்துக்கிட்டு போகுது. ஆத்துக்குள்ள கல்லு உருள்ற சத்தம் கரையில உட்கார்ந்தா கால் வழியா ஏறுது. எங்களோட வந்த அக்கா அந்தப் பக்கம் நிறைய ஆறு ஓட்டினவங்க. ஒரு வார்த்தை பேசாம தண்ணி ஓரத்துல மூணு கல்லை வரிசையா நட்டு வெச்சாங்க. சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு கல்லு முழுகிடுச்சு. அப்புறம் யாரும் பேசல, டென்ட் போட்டோம்.

காலைல அஞ்சு மணிக்கு போய்ப் பார்த்தா மூணு கல்லும் காஞ்சு கிடக்கு, நடுவுல முந்தின நாள் இல்லாத மணல்திட்டு ரெண்டு தெரியுது. அதே ஆறுதானான்னு சந்தேகம் வந்துச்சு.

ஆகஸ்ட் 10, மதியம் 1:20

கல்லு நடறது செலவில்லாத கருவி. எந்த ஆத்தங்கரையில டென்ட் போட்டாலும் செய்ங்க, டென்ட் பாதுகாப்பான உயரத்துல இருக்கான்னும் அதுலயே தெரிஞ்சிடும்.

ஆகஸ்ட் 12, ராத்திரி 11:10

"ஆறு பிரிஞ்சு பிரிஞ்சு ஓடுதுன்னா ஆழம் கம்மிதானே, விழுந்தா எந்திரிச்சு நின்னுக்கலாம்ல"னு ஒருத்தர் கேட்டிருக்கார். இது ரொம்பப் பேருக்கு இருக்கற நினைப்பு, அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

ஓடற தண்ணில எந்திரிச்சு நிக்கவே கூடாது, முட்டி ஆழத்துக்கு மேல இருந்தா. கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டினா தண்ணி உன்னை முகம் குப்புறத் தள்ளி அமுக்கிடும். மல்லாக்கப் படுத்து, காலை முன்னாடி தூக்கி வெச்சு மித, இல்லாட்டி திரும்பி கரையைப் பார்த்து முழு பலத்தோட நீந்து. தண்ணி கலங்கலா இருக்கறதால அடியில என்ன இருக்குன்னு அரை அடி கூட தெரியாது. பனிப்பாறை மலையை அரைச்ச மாவு அது, படகு அடியில அந்தத் துகள் உரசற சத்தம் சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி "ஸ்ஸ்ஸ்"னு நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கும். துணிக்குள்ள அந்த வண்டல் புகுந்தா கனம் ஏறும்.

எந்தக் கிளைல போறதுங்கறதுதான் அங்க ஓட்டறவனோட முக்கால்வாசி வேலை. அதிகத் தண்ணி போற கிளையை எடுன்னு எல்லாரும் சொல்வாங்க, இல்லாட்டி பாதில வறண்டு படகை இழுக்க வேண்டி வரும். ஆனா அதிகத் தண்ணி போற கிளை பெரும்பாலும் வெளிவளைவுல கரையை அரிச்சுக்கிட்டு போகும், அங்கதான் ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரம் வேரோட சாஞ்சு தண்ணி மேல படுத்திருக்கும். தண்ணி அதுக்குள்ள புகுந்து போயிடும், நீ போக மாட்ட. அலையை விட, பாறையை விட நான் பயப்படறது இந்த சாஞ்ச மரத்துக்குத்தான். வளைவு வருதுன்னா எவ்வளவு முன்னாடி முடியுமோ அவ்வளவு முன்னாடி உள்வளைவு பக்கம் துடுப்பு போட ஆரம்பிச்சிடணும். அங்க தண்ணி தோணறத விட வேகம். மரத்தைப் பார்த்த பிறகு முடிவெடுக்கறது லேட்.

எங்கள்ள ஒருத்தர் கவுந்தார். பெரிய அலை எதுவும் இல்ல. ரெண்டு கிளை திரும்ப ஒண்ணா சேர்ற இடத்துல தண்ணி ஒரு பக்கமா இழுக்கும், அதுல படகோட ஓரம் அமுங்கி, ஆள் தண்ணில. ட்ரைசூட் போட்டிருந்தார், உள்ள கம்பளி. அப்படியும் மேல வந்ததும் மூச்சு வாங்கறதை அடக்க முடியல, கூப்பிட்டா பதில் வரல. அக்கா கத்திக்கிட்டே இருந்தாங்க, "மூச்சு விடு, முதல்ல மூச்சு விடு"ன்னு. கனடாவுல கார்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர் இதைத்தான் 1–10–1னு சொல்லிக் குடுக்கறார்: முதல் 1 நிமிஷம் மூச்சை நிதானத்துக்குக் கொண்டு வா, அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் உன் பேச்சைக் கேட்கும், சுமார் 1 மணி நேரத்துல உடம்பு குளிர்ந்து நினைவு போகும். அவர் கரைக்கு வந்தது சில நிமிஷத்துக்குள்ளதான். ஆனா கரைக்கு வந்தவரால ஹெல்மெட் பக்கிளைக் கழட்ட முடியல, விரல் மடங்கல. நான்தான் கழட்டி விட்டேன்.

அப்ப ட்ரைசூட் இல்லாம சாதா ரெயின் ஜாக்கெட்ல போயிருந்தா? இதை யோசிக்கும்போது எனக்கு இன்னமும் வயிறு கலங்குது. "விலை ஜாஸ்தி, வெட்சூட் போதுமா"ன்னு கேட்ட டொராண்டோ அக்காவுக்கு என் பதில், படகு வாடகைக்கு எடுங்க, ட்ரைசூட்டும் வாடகைக்கு எடுங்க, ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா அந்த வருஷம் நடந்துட்டு மட்டும் வாங்க. மலை அப்படியே இருக்கும்.

ஆகஸ்ட் 13, காலை 6:50

"பேக்ராஃப்ட் எல்லாம் இப்ப இன்ஸ்டாகிராமுக்காக வந்த ஃபேஷன்"னு எழுதினவருக்கு. அது அப்படி இல்லைங்க. 1840கள்லயே பீட்டர் ஹால்கெட்னு ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, மேல போத்திக்கற கோட்டாவும் ஊதினா படகாவும் ஆகற ரப்பர் துணி செஞ்சார். ஜான் ரேங்கற ஆய்வுப் பயணி ஆர்க்டிக் பயணத்துல அதை நிஜமாவே பயன்படுத்தி ஆறு கடந்திருக்கார். அப்புறம் 1982ல அலாஸ்காவுல ஹோப்லேருந்து ஹோமர் வரைக்கும் காட்டு வழியா ஒரு பந்தயம், மத்தவங்கள்லாம் ஆத்தைப் பார்த்து எப்படிக் கடக்கறதுன்னு நின்னப்ப, ஐம்பது வயசு தாண்டின டிக் கிரிஃபித் பைக்குள்ளேருந்து ஒரு குட்டி ரப்பர் படகை எடுத்து ஊதி ஏறிப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்தப் பந்தயத்துக்கு வர்றவங்க எல்லாரும் படகு தூக்க ஆரம்பிச்சாங்க. இப்ப நாம பார்க்கற வடிவம் ஷெரி டிங்கேங்கற அம்மா தன் மகனுக்காக தைக்க ஆரம்பிச்சது, அல்பாக்கா ராஃப்ட் அப்படி வந்த கம்பெனி. ஆத்தைத் தாண்ட முடியாத இடத்துல தாண்டணும்னு வந்த பொருள் இது. எனக்கு இதுல பெரிய மரியாதை உண்டு, அதான் கொஞ்சம் சூடா எழுதிட்டேன்.

ஆகஸ்ட் 15, ராத்திரி 9:30

சாப்பாடு, கரடி, குடிதண்ணி. மூணையும் கலந்து கேட்டிருக்கீங்க.

கரடி நிச்சயமா உண்டு, பழுப்பும் கருப்பும். சாப்பாடு எல்லாம் கரடியால திறக்க முடியாத டப்பாவுல, பார்க் சர்வீஸ் விசிட்டர் சென்டர்ல இரவலா தர்றாங்க. சமைக்கற இடம், டப்பா வைக்கற இடம், தூங்கற இடம் மூணும் தள்ளித் தள்ளி. பெருங்காயம், ரசப்பொடி எல்லாம் வாசனை தூக்கும், அதனால நான் அவலைத்தான் நம்பினேன். ஊற வெச்சா போதும், அடுப்பே வேணாம், கேஸும் மிச்சம். காலைல அவல் வெல்லம், ராத்திரி அவல் புளிக்காய்ச்சல். கூட வந்தவங்க ரெண்டு பேரும் கடைசில தங்களோட பாக்கெட் சாப்பாட்டை எனக்குக் குடுத்து அவலை வாங்கிக்கிட்டாங்க.

கரடியை விரட்டற பெப்பர் ஸ்ப்ரேயை பெரிய விமானத்துல எந்தப் பைலயும் கொண்டு போக முடியாது, ஆங்கரேஜ்ல வாங்கணும். குட்டி விமானத்துல ஏறும்போது பைலட்கிட்ட முதல்லயே சொல்லுங்க, கேபினுக்குள்ள அது வெடிச்சா ஓட்டறவருக்கு கண்ணு தெரியாது.

தண்ணி: ஆத்துத் தண்ணிய நேரா ஃபில்டர்ல விட்டா கொஞ்ச நேரத்துலயே அடைச்சுக்கும். பக்கத்துல இறங்கற தெளிஞ்ச ஓடைலேருந்து பிடிங்க. அது இல்லாத இடத்துல பாத்திரத்துல ராத்திரி பூரா வெச்சாலும் முழுசா தெளியாது, துகள் அவ்வளவு நைஸ். ஒரு சிட்டிகை படிகாரத்தூள் போட்டுக் கலக்கி வெச்சா அடியில படியும், மேல இருக்கறதை இறுத்து ஃபில்டர் பண்ணலாம். தேத்தாங்கொட்டை உரைச்சுப் போடலாமான்னு காரைக்குடி அண்ணன் கேட்டிருக்கார். ஊர்ல எங்க பாட்டி பானைல தேய்ச்சுப் பார்த்திருக்கேன், இந்தப் பனிப்பாறை வண்டல்ல நான் போட்டுப் பார்க்கல. ஆனா கேள்வி ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணே.

ஆகஸ்ட் 18, மதியம் 12:40

10ஆம் தேதி எழுதினதோட ஒண்ணு சேர்க்கணும், ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. "காலைல கம்மி, சாயங்காலம் ஜாஸ்தி"ங்கறது பனிப்பாறைக்குப் பக்கத்துல நிக்கறவனுக்கு. கீழ போகப் போக அந்தத் தண்ணி வந்து சேர நேரம் பிடிக்கும்ல. பல மைல் கீழ இருக்கற ஒருத்தனுக்கு உச்சம் நடு ராத்திரிக்கு வரலாம், காலைல அவன் பார்க்கறது நேத்து சாயங்காலத்துத் தண்ணியோட வால். அதனால காலைல கிளம்பினா எல்லா இடத்துலயும் பாதுகாப்புன்னு யாரும் எடுத்துக்காதீங்க. நீ நிக்கற இடத்துக்கும் பனிக்கும் எவ்வளவு தூரம், நடுவுல எத்தனை கிளை ஆறு சேருதுன்னு மேப்பைப் பார்த்து யோசிக்கணும், அப்புறம் கல்லு நட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்கணும்.

இந்தக் கணக்குக்கே அடங்காதது ஒண்ணும் உண்டு. கென்னிகாட் பனிப்பாறையோட ஓரத்துல ஹிட்டன் கிரீக் லேக்னு ஒரு ஏரி, பனிப்பாறைதான் அதுக்கு அணை. வருஷா வருஷம் கோடைல, பெரும்பாலும் ஜூலைல, தண்ணி பனிக்கு அடியில வழி பண்ணிக்கிட்டு மொத்தமா வடிஞ்சிடும். கென்னிகாட் ஆறு அப்ப பொங்கி வரும், மெக்கார்த்தி ஜனங்க பாலத்துல நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. அந்த ஆத்துல படகு விடப் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி "ஏரி வடிஞ்சிடுச்சா"ன்னு ஊர்ல விசாரிக்கணும்.

காத்தையும் விட்டுட்டேன். மத்தியானத்துக்கு மேல பள்ளத்தாக்குல காத்து எதிர்த்து அடிக்கும், மணல்திட்டுலேருந்து வண்டல் புழுதியா கிளம்பி எதிர்ல ஒண்ணும் தெரியாது. ஊதின படகு காலியா கரையில கிடந்தா பறந்து போயிடும், நான் மிகைப்படுத்தல. கரையேறின உடனே படகைக் கவுத்து மேல கல்லு வை, இல்ல புதர்ல கட்டு. அங்க படகு போச்சுன்னா நீ ஆத்துக்கு எந்தப் பக்கம் இருக்கியோ அந்தப் பக்கத்துலயே இருக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 18, மதியம் 12:55

இன்னொண்ணு, படகு கரையில கல்லு மாதிரி இருக்கும், தண்ணில வெச்சதும் உள்ள காத்து குளிர்ந்து தொளதொளன்னு ஆயிடும். ஓட்டை இல்ல, பயப்படாதீங்க. அஞ்சு நிமிஷம் தண்ணில போட்டு வெச்சு திரும்ப ஊதிட்டு அப்புறம் ஏறுங்க.

ஆகஸ்ட் 21, ராத்திரி 10:15

கென்னிகாட் சுரங்கத்தைப் பத்தி ஒருத்தர் கேட்டதால கொஞ்சம் தடம் மாறறேன். பள்ளத்தாக்குல நடக்கும்போது மேல வெளிர் நிறத்துல சுண்ணாம்புப் பாறை, கீழ பச்சை சாயல்ல எரிமலைப் பாறைன்னு ரெண்டு அடுக்கு கோடு போட்டுப் பிரியும். அந்த ரெண்டும் சந்திக்கற இடத்துலதான் கென்னிகாட் செம்பு கிடைச்சது. மேல இருக்கற அந்த சுண்ணாம்புக்கு புவியியல்காரங்க வெச்ச பேரே சிட்டிஸ்டோன். 1900ல ரெண்டு பேர் தூரத்துல பச்சையா தெரிஞ்சதை, குதிரைக்குப் புல்லுன்னு நெனைச்சு ஏறிப் போய்ப் பார்த்தா செம்புத் தாதுன்னு ஊர்ல சொல்வாங்க. 1911ல ரயில் வந்துச்சு, 1938ல சுரங்கத்தையும் ரயிலையும் மூடிட்டாங்க. சிவப்புக் கலர் ஆலைக் கட்டடம் இன்னும் பல மாடிக்கு நிக்குது.

அந்த ஆலைக்குக் கீழ பார்த்தா சுரங்கக் கழிவு மேடு மேடா கிடக்கற மாதிரி தோணும், அது கழிவு இல்ல, கல்லும் மண்ணும் மூடின பனிப்பாறை. சுரங்கம் ஓடின காலத்து ஃபோட்டோல அதே இடத்துல பனி எவ்வளவு உயரத்துக்கு நிக்குதுன்னு பார்த்தா மனசு கனத்துப் போகும். இப்ப நுனியில ஏரி, அதுல பனிக்கட்டி மிதக்குது. நாம படகு விடற தண்ணி அந்தப் பனி கரையற தண்ணிதான், இதை நினைக்காம என்னால அங்க துடுப்பு போட முடியல.

ஆகஸ்ட் 22, காலை 7:05

"சேட்டிலைட் மெசஞ்சர் (செல் சிக்னல் இல்லாத இடத்துலயும் செய்தி அனுப்பற கருவி) இருக்கே, பட்டன் அமுக்கினா ஹெலிகாப்டர் வந்துடும்ல?" வரும். வானிலை விட்டா வரும், மணிக்கணக்கு ஆகும். 10 நிமிஷத்துல விரல் செத்துப் போற தண்ணில மணிக்கணக்கு எதுக்கும் உதவாது. 2014ல இதே பார்க்குக்குள்ள டானா ஆத்துல ஒரு பந்தயத்துல போன, நல்ல அனுபவம் உள்ள ஒருத்தர் பேக்ராஃப்ட்ல இறந்து போனார். பயமுறுத்த சொல்லல. மெசஞ்சர் கட்டாயம் கொண்டு போங்க, அது லைஃப் ஜாக்கெட் பாக்கெட்ல இருக்கணும், படகுல கட்டின பைல இல்ல. படகு போற திசைல நீங்க போக மாட்டீங்க.

ஆகஸ்ட் 30, ராத்திரி 11:25

சேலம் தம்பி தனியா மெசேஜ் பண்ணி, எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு கேட்டான், மத்தவங்களுக்கும் உதவும்னு இங்கயே போடறேன். முதல்ல வெதுவெதுப்பான ஏரில கவுந்து, திரும்ப ஏறிப் பழகு, கரைக்கு வராம, தண்ணிக்குள்ளயே படகைத் திருப்பி ஏறணும், யோசிக்காம கை செய்யற வரைக்கும். அப்புறம் ஸ்விஃப்ட்வாட்டர் ரெஸ்க்யூ கோர்ஸ், அதாவது வேகமா ஓடற தண்ணிலேருந்து ஆளைக் காப்பாத்தற பயிற்சி. அப்புறம் ரோடு பக்கத்துல ஓடற குளிர் ஆறு, கூட ஆளோட. கோட் டிரெய்லை படகு இல்லாம முதல்ல நடந்துட்டு வந்தா இன்னும் நல்லது, அந்த நடையே ஒரு முழு பயணம். நிசினா பாலத்துலயே கரையேறிடு, அதுக்குக் கீழ கேன்யன் இருக்கு, அது வேற கணக்கு.

கிளம்பற தேதிக்கும் திரும்பற டிக்கெட்டுக்கும் நடுவுல சும்மா இருக்கற நாள் சிலது வெச்சுக்கோ. விமானம் வானிலையால லேட் ஆகும், ஆறு ஏறியிருந்தா காத்திருக்கணும். அவசரத்துல இருக்கறவன் சாயங்காலம் படகை எடுப்பான்.

விமானத்துல எடை எவ்வளவு அனுமதின்னு கேட்டவருக்கு: அது விமானம், ஆள் எண்ணிக்கை, இறங்கற இடத்தைப் பொறுத்து மாறும், புக் பண்ணும்போதே ஆளோட எடையும் மூட்டை எடையும் கேட்பாங்க. சாப்பாடு, கரடி டப்பா, தண்ணி எல்லாம் சேர்த்து எடை போட்டு உண்மையான நம்பரைச் சொல்லுங்க.